எம்ப்ரஸ் அம்மா, எம்பரர் அப்பா: இவ்வளவுதானா?

சீட்டுக்கட்டு78

டாரட் (78 படச் சீட்டுகளை வைத்துப் பலன் பார்ப்பது) பழக ஆரம்பித்த யாரைக் கேட்டாலும், மூணாம் நம்பர் எம்ப்ரஸ், அது அம்மா, நாலாம் நம்பர் எம்பரர், அது அப்பா என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். யாராவது பெற்றோரைப் பற்றிக் கேட்டு ரீடிங்குக்கு (சீட்டு எடுத்துப் பலன் கேட்க) வந்து எம்பரர் தலைகீழாக விழுந்தால் போதும், "உங்க அப்பாவோட உங்களுக்கு ஏதோ பிரச்சினை" என்று தீர்ப்பு வந்துவிடும்.

எனக்கு இதில் ஒரு உறுத்தல் உண்டு. ரைடர் வெய்ட் டெக் (ஆர்தர் வெய்ட் சொல்ல, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டு) வைத்திருப்பவர்கள் இரண்டு சீட்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேரரசி மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், தலையில் பன்னிரண்டு நட்சத்திரம், அங்கியில் மாதுளை, முன்னால் விளைந்த கோதுமை, பின்னால் மரங்களும் அருவியும். பேரரசர் கல் சிம்மாசனத்தில், நாலு ஆட்டுக்கிடாத் தலைகள், பின்னால் மொட்டை மலை. எல்லாம் சரி, குழந்தை எங்கே? இரண்டு படத்திலும் வேறு ஒரு ஆள் கூடக் கிடையாது. குழந்தையே இல்லாத இரண்டு பேரை அம்மா அப்பா என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

அதே டெக்கில் குழந்தைகள் இல்லாமல் இல்லை. சன் சீட்டில் வெள்ளைக் குதிரை மேல், டெத் சீட்டில் முழங்காலிட்டு, ஜட்ஜ்மென்ட்டில் அம்மா அப்பாவுக்கு நடுவில், சிக்ஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸில் படகுக்குள், டென் ஆஃப் பெண்டகிள்ஸில் நாய்க்குப் பக்கத்தில், டென் ஆஃப் கப்ஸில் ஆடிக்கொண்டு. பெற்றோரைப் பற்றிய கேள்விக்கு இந்தச் சீட்டுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. பெற்றோர் எப்படி என்பது குழந்தை எங்கே நிற்கிறது என்பதில்தான் தெரியும். அடிக்க வருபவர்கள் வரலாம்.

வாள்ராணி

வந்துவிட்டேன்.

மடியில் பிள்ளை இருந்தால்தான் தாயா? மாதுளை என்ன பழம், கோதுமை எதற்கு, கேடயத்தில் வீனஸ் குறி ஏன், எல்லாமே கருவையும் விளைச்சலையும் சொல்பவைதானே. தளர்ந்த அங்கியை வைத்து இன்றைக்குப் பல ரீடர்கள் அவரைக் கர்ப்பிணி என்றே படிக்கிறார்கள். வெய்ட்டும் தன் விளக்கத்தில் ஆயிரம் பேரைப் பெற்ற தாய் என்கிற மாதிரி ஒரு வரி எழுதியிருக்கிறார். அவ்வளவு பேருக்குத் தாய் என்றால் ஒரு பிள்ளையை மட்டும் எப்படி வரைவது? நீங்கள் கேட்பது நம் வீட்டு அம்மாவை. சீட்டில் இருப்பது தாய்மை.

சீட்டுக்கட்டு78

அக்கா, நானும் அதைத்தான் சொல்கிறேன்! சீட்டில் இருப்பது தாய்மை என்றால், ரீடிங்கில் "உங்க அம்மா ரொம்ப அன்பானவங்க" என்று சொல்ல அது உதவாதே.

பழையதாள்

இரண்டு பேரும் வெய்ட் டெக் வந்த 1909-லேயே நிற்கிறீர்கள். கொஞ்சம் பின்னால் போவோம்.

இத்தாலியில் 15-ஆம் நூற்றாண்டில் இந்தச் சீட்டுகள் வந்தது ஜோசியத்துக்கு இல்லை, விளையாடுவதற்கு. மிலான் பிரபுக்களுக்காக வரைந்த விஸ்கோன்டி ஸ்ஃபோர்ஸா கட்டில் பேரரசியின் கேடயத்தில் கறுப்புக் கழுகு இருக்கும், பேரரசரின் தொப்பியிலும் அதே கழுகு. அது புனித ரோமப் பேரரசின் சின்னம். அதாவது அந்தக் காலத்து ஆளுக்கு இந்தப் படத்தில் தெரிந்தது அம்மாவும் அப்பாவும் இல்லை, அரசாங்கம். கூடவே போப் ஒருவர், பெண் போப் ஒருவர் (இவர்தான் பிற்பாடு ஹை ப்ரீஸ்டஸ் ஆனார்). ஆக அதிகாரத்தில் இருக்கும் நாலு பேர். ஆட்டத்தில் பெரிய எண் சின்ன எண்ணை வெட்டும். பிற்காலத்தில் நிலைத்த மார்சேய் (பழைய பிரெஞ்சுக் கட்டு) வரிசைப்படி பேரரசர் நாலு, போப் ஐந்து, காதல் ஆறு. காதல் சீட்டு கையில் இருந்தால் பேரரசரையும் வெட்டலாம், போப்பையும் வெட்டலாம். வரைந்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது!

இத்தாலியின் போலோன்யா நகரத்தில் இன்னும் வேடிக்கை. அங்கே இந்த நாலு சீட்டையும் சேர்த்தே போப்புகள் என்றுதான் கூப்பிடுவார்கள், நாலுக்கும் ஒரே மதிப்பு. 1725-இல் திருச்சபை அதிகாரிகளோடு ஒரு தகராறு வந்து, நாலையும் தூக்கிவிட்டு நாலு மூர்களின் (வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள்) படத்தைப் போட்டார்கள். ஆட்டம் பாட்டுக்கு நடந்தது. ஒரு கட்டிலிருந்து "அம்மா அப்பா"வை எடுத்துவிட்டு ஒரே மாதிரி நாலு பேரைப் போட்டும் யாருக்கும் எதுவும் குறையவில்லை என்றால், இந்தப் பெற்றோர் விஷயம் எவ்வளவு புதுசு என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ரெண்டுஜோக்கர்

அப்போ நாம எல்லாரும் இத்தனை நாளா ரம்மி கட்டைப் பார்த்து அழுதுட்டு இருந்தோமா 😭

பழையதாள்

ரம்மி இல்லை, பிரிட்ஜ் மாதிரி ஒரு ஆட்டம். துருப்புச் சீட்டு உண்டு.

நடுநிசிரீடர்

வரலாறு சரிதான், ஆனால் "முதலில் இப்படி வரையவில்லை, அதனால் இப்படிப் படிக்கக் கூடாது" என்பது எனக்கு ஒட்டவில்லை. கழுகுக் கேடயத்தோடு ஒரு பெண்ணை உட்காரவைத்தது மிலான்காரர்களின் அரசியல். அந்தப் பெண்ணைப் பார்த்ததும் இன்றைக்கு ஒருவருக்குத் தொண்டை அடைப்பது அவர் மனசு. இந்த இரண்டாவதைப் பேசத்தான் உளவியலாளர் யுங் தேவைப்படுகிறார்.

தாய் என்ற தொல்படிமத்தை (ஆர்க்கிடைப், எல்லோர் மனசிலும் பொதுவாக இருக்கும் ஆதி வடிவம்) பற்றி யுங் 1938-இல் ஒரு உரை நிகழ்த்தினார். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. ஒன்று, தொல்படிமத்துக்கு எப்போதும் இரண்டு முகம், ஊட்டி வளர்க்கும் தாயும் அதுதான், விழுங்கும் தாயும் அதுதான். இரண்டாவது, பிள்ளையின் மனசில் அம்மா செய்யும் வேலையில் பெரும்பங்கு நிஜமான அம்மாவுடையது இல்லை, அவர் மேல் நாம் ஏற்றிவைக்கும் படிமத்துடையது. பாவம், ஒரு சாதாரண மனுஷி பேரரசியின் கிரீடத்தைச் சுமந்துகொண்டு சமையலறையில் நிற்கிறார்.

இப்போது என் கேள்வி. எம்ப்ரஸ் சீட்டில் ஊட்டும் முகம் மட்டும்தான் இருக்கிறது. விழுங்கும் முகம் எங்கே போனது? ரிவர்ஸ்டு என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம், அது நாம் சீட்டைத் திருப்பி வைப்பது, படத்தில் இருப்பது இல்லை.

மழைக்கால்

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுல என்ன குழப்பம்? ஒரே அம்மன்தான் குளிரவும் வைப்பாள், அம்மையும் போடுவாள். வெள்ளைக்காரன்தான் ரெண்டாப் பிரிச்சு வெச்சிருக்கான்.

நடுநிசிரீடர்

யுங்கே தன் உரையில் காளியைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார், அதனால் நீங்கள் சொல்வது விலகிப் போகவில்லை. ஆனால் எம்ப்ரஸ் சீட்டில் அம்மனைத் தேடினால் அங்கே இல்லாததையெல்லாம் பார்க்க ஆரம்பித்துவிடுவோம். அந்தப் படத்தில் சூலமும் இல்லை, வேப்பிலையும் இல்லை. மெத்தைதான் இருக்கிறது.

வாள்ராணி

விழுங்கும் முகம் எங்கே என்று கேட்டீர்கள். நேராக விழுங்குகிற முகம் இல்லை, ஆனால் கண்டிப்பான அம்மா எங்கே வருகிறார் என்று சொல்கிறேன். என் பெயரிலேயே இருக்கிறது.

அம்மாவோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒரு பெண் ரீடிங்குக்கு வந்தார். கல்யாண விஷயத்தில் முறிந்த உறவு. சீட்டு எடுத்தால் க்வீன் ஆஃப் ஸ்வார்ட்ஸ். புத்தகத்தில் போட்டிருப்பது விதவை, துக்கம், பிரிவு. நான் அதையெல்லாம் சொல்லாமல் சீட்டை அவர் பக்கம் திருப்பி வைத்து, "இந்த அம்மா என்ன செய்யறாங்க?" என்று மட்டும் கேட்டேன். வலது கையில் வாள் செங்குத்தாக நிற்கிறது. இடது கை முன்னால் நீண்டிருக்கிறது, மணிக்கட்டில் ஏதோ குஞ்சம் மாதிரி தொங்குகிறது. அந்தக் கை வா என்கிறதா, அங்கேயே நில் என்கிறதா? எத்தனையோ முறை பார்த்த சீட்டு, இன்னும் என்னால் முடிவாகச் சொல்ல முடியாது. அந்தப் பெண் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஸ்கூல் கேட்டில் எங்கம்மா இப்படித்தான் நிப்பாங்க. கையை நீட்டுவாங்க, ஆனா முதல்ல ரேங்க் கார்டைக் காட்டணும்" என்றார்.

இதை எம்ப்ரஸ் சீட்டு கொடுத்திருக்காது. அங்கே எம்ப்ரஸ் விழுந்திருந்தால் நானே கூட "தாயன்பு" என்று உளறி முடித்திருப்பேன். அந்த அளவுக்கு சீட்டுக்கட்டு சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எம்ப்ரஸை அம்மா பட்டியலிலிருந்து நீக்க ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சீட்டுக்கட்டு78

நீக்கச் சொல்லவில்லை அக்கா, அவரே போதும் என்று நிற்காதீர்கள் என்றுதான்.

அப்பா பக்கம் வருவோம், அங்கே இன்னும் மோசம். எம்பரர் சீட்டில் எல்லோரும் சிம்மாசனத்தையும் தாடியையும் பார்ப்பார்கள். காலைப் பாருங்கள். சிவப்பு அங்கிக்குக் கீழே இரும்புக் கவசம். சொந்தச் சிம்மாசனத்தில், சுற்றி யாருமே இல்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கும் மனுஷன் எதற்குக் கவசம் போட்டிருக்கிறார்? யாரிடமிருந்து அடி விழும் என்று பயம்? எனக்கு அதிகாரத்தை விட இந்தப் பயம்தான் பெரிதாகத் தெரிகிறது. மலைகளுக்குக் கீழே ஒரு சின்ன நீரோடை வேறு, கவனிக்காமல் விட்டுவிடுவோம், அத்தனை மெலிசாக ஓடுகிறது. அப்பாவைப் பற்றிக் கேட்டு வருபவர்களிடம் நான் காட்டுவது அந்த இரண்டைத்தான், கவசமும் ஓடையும்.

அப்புறம், முதல் நாலு பெரிய மனிதர்களில் (ப்ரீஸ்டஸ், எம்ப்ரஸ், எம்பரர், பழைய போப்பான ஹைரோஃபன்ட்) கூட ஆட்கள் இருப்பது ஹைரோஃபன்ட் சீட்டில் மட்டும்தான். உச்சந்தலை மழித்த இரண்டு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு அவர் முன்னால் மண்டியிட்டிருக்கிறார்கள். கேட்பவர்கள், கீழே இருப்பவர்கள், ஆசி வாங்குபவர்கள். வீட்டில் நடக்கும் அப்பா பிள்ளை நாடகத்துக்கு எம்பரரை விட இது கிட்ட வருகிறது. "நான் சொல்றதைக் கேள், எங்க அப்பா எனக்குச் சொன்னது" என்கிற அப்பா நாலாம் நம்பர் இல்லை, ஐந்தாம் நம்பர்.

பழையதாள்

"கூட ஆட்கள் இருப்பது ஹைரோஃபன்ட்டில் மட்டும்தான்" என்பது வெய்ட் டெக்குக்குச் சரி. யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பழைய விஸ்கோன்டி கட்டில் பேரரசியைச் சுற்றிச் சின்னச் சின்ன உருவங்கள் உண்டு. முதல் பார்வையில் குழந்தைகள் என்று தோன்றும். பணிப்பெண்கள்தான். அந்தஸ்து குறைந்தவர்களைச் சின்னதாக வரைவது அந்தக் கால வழக்கம். இதைப் பார்த்து "ஆதியில் எம்ப்ரஸுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள்" என்று யாரும் காணொளி போட்டுவிடாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

ரெண்டுஜோக்கர்

தம்ப்நெயில் கூட ரெடி பண்ணிட்டேன் சார், இப்படிப் பண்ணிட்டீங்களே

ஒன்பதாம்தெரு

கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை. யாரும் இந்தப் படங்களைச் செய்த இரண்டு பேரின் வீட்டைப் பற்றிச் சொல்லவில்லையே?

ஆர்தர் எட்வர்ட் வெய்ட் 1857-இல் ப்ரூக்ளினில் பிறந்தவர். அப்பா வணிகக் கப்பல் கேப்டன். பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே கடலில் இறந்துவிட்டார். அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்து திரும்பி வளர்த்தார். அப்பா முகமே தெரியாமல் வளர்ந்தவர் வெய்ட். படம் வரைந்த பமேலா கோல்மன் ஸ்மித் 1878-இல் லண்டனில் பிறந்து, மான்செஸ்டர், ஜமைக்கா என்று வளர்ந்து, ப்ரூக்ளினில் ப்ராட் கல்லூரியில் ஓவியம் படித்தவர். அம்மா 1896-இல் இறந்தார், அப்பா 1899-இல். இருபத்தொரு வயதில் இரண்டு பேரும் இல்லை. அதற்குப் பத்து வருஷம் கழித்து இந்தச் சீட்டுகளை வரைகிறார். அதே 1909-இல் ஒரு கடிதத்தில் பெரிய வேலை, ரொம்பக் கொஞ்சம் காசு என்று புலம்பியிருக்கிறார், ஏறக்குறைய எண்பது படம்.

அப்பா இல்லாத ஒருவர் சொல்ல, அம்மா அப்பா இரண்டு பேரும் இல்லாத ஒருவர் வரைந்த பெற்றோர்கள் இவர்கள். எட்ட முடியாத தூரத்தில் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருப்பதில் ஆச்சரியம் என்ன?

நடுநிசிரீடர்

படித்ததும் சிலிர்த்தது, மறைக்கவில்லை. ஆனாலும் கொஞ்சம் பிரேக் போடுகிறேன். எம்பரர் சிம்மாசனத்தில் தனியாக இருப்பது வெய்ட்டுக்கு முன்னால் மார்சேய் கட்டுகளிலும் உண்டு. அதை வெய்ட்டின் அப்பா மேல் ஏற்ற முடியாது.

ஆனால் மைனர் ஆர்க்கானாவுக்கு (வாள், கோப்பை, காசு, கோல் என்ற நாலு வகைச் சின்னச் சீட்டுகள்) நீங்கள் சொன்னதைப் பொருத்திப் பாருங்கள். பெரிய சீட்டுகளுக்கு வெய்ட் நிறையச் சொல்லிக்கொடுத்தார், சின்னச் சீட்டுகளில் ஸ்மித்துக்குச் சுதந்திரம் அதிகம் என்பதுதான் பொதுவான கருத்து. குடும்பக் காட்சிகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. சிக்ஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸ் படகில் போர்த்திக்கொண்டு குனிந்திருக்கும் பெண், பக்கத்தில் பிள்ளை, இரண்டு பேர் முகமும் நமக்குத் தெரியாது. நின்றுகொண்டு துடுப்புக் கழி போடும் ஆளை நிறைய பேர் அப்பா என்று படிக்கிறார்கள். வெய்ட்டின் விளக்கத்தில் அவர் வெறும் படகோட்டி, பயணிகளை அக்கரைக்குக் கொண்டுபோகிறார், அவ்வளவுதான். அப்பா என்று படித்தால் குடும்பத்தோடு ஊர் மாறுகிறார்கள். படகோட்டி என்று படித்தால் அப்பா கரையிலேயே நின்றுவிட்டார், அல்லது ஏற்கெனவே இல்லை. ஒரே படம், கதை தலைகீழ். யாருக்காவது இந்தச் சீட்டு விழுந்தால் நான் முதலில் கேட்பது, "அந்த ஆள் யார்?"

வாள்ராணி

இது நல்ல கேள்வி, எடுத்துக்கொள்கிறேன்.

டென் ஆஃப் கப்ஸையும் இதே மாதிரி பாருங்கள். வானவில்லில் பத்துக் கோப்பை, கணவன் மனைவி கையை உயர்த்திப் பரவசத்தில் நிற்கிறார்கள். பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் கைகோத்து ஆடுகிறார்கள். எல்லோரும் இதைச் சந்தோஷக் குடும்பம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பிள்ளைகள் அந்த அதிசயத்தைக் கவனிக்கவே இல்லை, அவர்கள் பாட்டுக்கு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று வெய்ட்டே எழுதியிருக்கிறார். பெற்றோர் வானவில்லைப் பார்க்கிறார்கள், பிள்ளைகளைப் பார்க்கவில்லை. பிள்ளைகளும் பெற்றோரைப் பார்க்கவில்லை. இது நல்லதா கெட்டதா? சிலருக்கு "அம்மா அப்பா ரெண்டு பேரும் சந்தோஷமா இருந்தாங்க, அதனால நாங்க நிம்மதியா விளையாடினோம்". சிலருக்கு "அவங்க உலகத்துல நாங்க இல்லை".

மழைக்கால்

ஒரு சந்தேகம். அம்மா அப்பா ரெண்டு பேரும் வேலைக்கு வெளிநாடு போய், பாட்டி தாத்தாகிட்டயே வளர்ந்தவங்களுக்கு எந்தச் சீட்டு? எம்ப்ரஸ் வந்தா பாட்டின்னு எடுத்துக்கலாமா?

சீட்டுக்கட்டு78

எடுத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் டென் ஆஃப் பெண்டகிள்ஸ் வந்தால் அதை விடாதீர்கள். முன்னால் ஒரு கிழவர், வேலைப்பாடு போட்ட அங்கி, வளைவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார். உள்ளே ஒரு ஆணும் பெண்ணும் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள், கிழவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டு நாய்களும் அவரிடம் வந்து நிற்கின்றன. அந்தப் பெண்ணின் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் பிள்ளை ஒரு கையால் நாயைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கிழவரின் கையும் நாய் மேல். தாத்தாவும் பேரப்பிள்ளையும் நேராகத் தொட்டுக்கொள்ளவில்லை, நடுவில் நாய். பெற்றோர் பேச்சில் மும்முரம். புத்தகங்களில் இதற்கு சொத்து, வாரிசு, குடும்பச் செல்வம் என்று இருக்கும். சொத்து யாருக்குப் போகும் என்பதை விட, அந்த வீட்டில் யார் யாரைத் தொடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிது.

கோல்டன்டஸ்க்

தாமதமாக வருகிறேன். கோர்ட் சீட்டுகளை (ராஜா, ராணி, நைட், பேஜ்) யாரும் தொடவில்லை, ஆச்சரியம். கோல்டன் டான் என்கிற ரகசிய மாந்திரீகக் குழுவினர் ராஜா முதலான நாலு கோர்ட் சீட்டுகளையும் எபிரேயக் கடவுள் பெயரின் நாலு எழுத்தோடு இணைத்து தந்தை, தாய், மகன், மகள் என்று ஒரு குடும்பமாகவே வைத்தார்கள். அந்தக் குழுவில் இருந்த க்ரௌலியின் தோத் டெக்கில் இது இன்னும் தெளிவு, ராஜாவின் இடத்தில் நைட், அப்புறம் க்வீன், ப்ரின்ஸ், ப்ரின்ஸஸ். ஒவ்வொரு வகையிலும் ஒரு முழுக் குடும்பம், ஆக நாலு வகை அப்பா, நாலு வகை அம்மா. கண்டிப்பான அப்பா ஸ்வார்ட்ஸ், காசு கணக்குப் பார்க்கும் அப்பா பெண்டகிள்ஸ் என்று பிரித்துக்கொள்ள வசதி. நிஜ மனிதர்களுக்கு எம்பரரை விட இதுதான் அளவாகப் பொருந்தும்.

குழந்தை எங்கே என்று முதல் பதிவில் கேட்டிருந்தீர்கள். தோத் எம்ப்ரஸ் சீட்டின் அடியில் ஒரு பெலிகன் பறவை தன் மார்பைக் கொத்தி ரத்தத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது. வரைந்தது ஃப்ரீடா ஹாரிஸ். விழுங்கும் தாயைத் தேடுகிறவர்கள் இதையும் பாருங்கள், இங்கே தாய் விழுங்கப்படுகிறாள்.

வாள்ராணி

அந்தப் பெலிகன் எனக்குப் பிடிக்காது. எல்லாத் தியாகத்தையும் அம்மா தலையில் கட்டும் வேலை அது. படம் அழகு என்பது வேறு விஷயம்.

மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது, நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நீக்கப்பட்ட இரண்டு பதிவுகளில் தலைகீழ் எம்ப்ரஸ் விழுந்ததை வைத்து ஒருவருடைய அம்மாவுக்கு நார்சிஸிஸ்ட் பட்டம் கொடுத்திருந்தார்கள். நேரில் பார்க்காத மனிதருக்குச் சீட்டை வைத்து மனநோய்ப் பெயர் சூட்ட இங்கே அனுமதி இல்லை. படத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள்.

மழைக்கால்

என்கிட்ட இருக்கறது மார்சேய் கட்டு மட்டும்தான். அதுல சின்னச் சீட்டுல எல்லாம் வெறும் வாளும் கோப்பையும்தான், ஆளே கிடையாது. நீங்க சொல்ற படகு, வானவில், நாய் எதுவும் இல்லை. நான் எங்க பார்க்கறது?

பழையதாள்

அதில் வேறு வசதி உண்டு. முதலில் ஆறாம் நம்பர், காதலன் சீட்டை எடுங்கள். வெய்ட் டெக்கில் ஆதாமும் ஏவாளும் மாதிரி இருவர் நிற்பார்கள். மார்சேயில் ஒரு இளைஞன் இரண்டு பெண்களுக்கு நடுவில், மேலே அம்போடு மன்மதன். ஒரு பெண் மூத்தவள் மாதிரி, ஒருத்தி இளையவள். அம்மாவுக்கும் வரப்போகும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் என்று படிப்பவர்கள் நிறைய. அறத்துக்கும் இன்பத்துக்கும் நடுவில் என்றும் படிப்பார்கள், ஆனால் நம் ஆட்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

அடுத்தது பார்வைத் திசை. மார்சேயில் பேரரசர் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருப்பார், நமக்கு இடது பக்கம் பார்த்தபடி. பேரரசியின் பார்வை வலது பக்கம் சாய்ந்திருக்கும். வரிசைப்படி மூன்றை இடதும் நான்கை வலதும் வைத்தால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஸ்ப்ரெட்டில் (சீட்டுகளைப் பரப்பி வைக்கும்போது) இடம் மாறி விழுந்தால் முதுகைக் காட்டிக்கொள்வார்கள். நடுவில் ஏதாவது சீட்டு விழுந்தால் இரண்டு பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். உங்கள் கட்டை எடுத்து வைத்துப் பாருங்கள், அச்சுக்கு அச்சு கொஞ்சம் மாறும்.

மழைக்கால்

வெச்சுப் பார்த்தேன். நடுவுல சும்மா ஒண்ணு உருவினேன், ரெண்டு பேருக்கும் இடையில ஃபூல் வந்து நிக்கறான், மூட்டையைத் தூக்கிக்கிட்டு. என் கட்டுல அவன் வலது பக்கமா நடக்கறான், அதாவது அப்பா பக்கம். இதை எப்படிப் படிக்கறது?

சீட்டுக்கட்டு78

பின்னால் அவன் காலைப் பிடித்து இழுக்கும் மிருகம் ஒன்று இருக்குமே, அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லுங்கள், அங்கிருந்து ஆரம்பிப்போம்.